கடைசி உருண்டை

“உங்க அம்மா யாருடா?”

கொத்தமங்கலம் பள்ளிக்கூடத்தில், வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியர் என் மகன் சேதுவிடம் இப்படிக் கேட்டார். எழுபதுகள் பிறந்திருந்த நேரம். பள்ளி திறக்கிற மாதத்து வெயில் மண்ணைச் சுட்டுக்கொண்டிருந்தது. சேது வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டிவிட்டான். வயது சரிதான் என்று ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது இந்தக் கேள்விதான்.

நான் அவன் தோளில் கை வைத்து நின்றேன். நல்ல நைலான் சேலை. கையில் ஈப்போவிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட குடை. எனக்குக் கொஞ்சம் பின்னால், பிள்ளைகளைச் சேர்க்க வந்த கும்பலோடு கும்பலாக என் ஓரகத்தி பொன்னழகு அக்கா நின்றிருந்தார். ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவருடைய கடைசிப் பிள்ளை முத்துவுக்கும் அன்றைக்குத்தான் பள்ளிக்கூடம்.

சேது யோசிக்கவே இல்லை. திரும்பி, கையை நீட்டி, பொன்னழகு அக்காவைக் காட்டினான்.

“அந்தா நிக்கிது, ஆத்தா.”

“அப்ப இவுக யாரு?” என்று ஆசிரியர் என்னைக் காட்டினார்.

“இது சின்னம்மா.”

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, பெத்தவுக பின்னால நிக்கிறாக. நீங்க என்னத்துக்கு முன்னால வந்து நிக்கிறீக?”

“பெத்தவ நான்தான் சார்!”

நான் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை எல்லாம் பறந்துவிட்டது. கும்பல் முழுக்கச் சிரித்தது. பொன்னழகு அக்காவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிடலாமா என்று இருந்தது.

எது வெளிநாடு?

இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் சிலர் என்னை வழியில் பார்த்தால் கேட்கிறார்கள்: “வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி எப்ப எழுதப் போறீக?” அட ராமா, இத்தனை வாரமாக அதைத்தானே எழுதிக்கொண்டிருக்கிறேன்!

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மலாயா அக்கரைச் சீமை. எனக்கு அது பிறந்த ஊர். அப்பா சின்ன வயதிலேயே கொத்தமங்கலத்திலிருந்து கப்பலேறி, ஈப்போ ரயில்வேயில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தவர். நான் பிறந்தது, படித்தது, சைக்கிள் ஓட்டிப் பழகியது எல்லாம் அங்கேதான். அறுபதுகளின் நடுவில் தன் அக்காள் மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்து, நாகப்பட்டினத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஆகையால் எனக்கு வெளிநாடு என்றால் அது கொத்தமங்கலம்தான். பிள்ளை பெற்று வளர்த்ததும் அந்த வெளிநாட்டில்தான்.

பாஷை தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் உண்மையில் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் தப்பு செய்தால், “பாவம், தெரியாது” என்று விட்டுவிடுவார்கள். எனக்கும் இவர்களுக்கும் பேச்சு தமிழ்தான். அதனால் நான் செய்த ஒவ்வொன்றும் வேண்டுமென்றே செய்ததாகத்தான் கணக்காயிற்று.

ஈப்போவில் அப்பாவும் அம்மாவும் ஜோடியாகத் தெருவில் நடப்பார்கள். இங்கே வந்த புதிதில் நானும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நடந்தேன். அவர் எட்டி நடந்தார். நானும் எட்டி நடந்தேன். அவர் ஓடாத குறை. ஊர் சொன்னது, புதுப்பெண் மாப்பிள்ளையை விரட்டிக்கொண்டு போகிறாள் என்று.

அப்புறம் தண்ணீர். இங்கே குடிக்கிற தண்ணீர் ஊருணியிலிருந்து வரும். பொன்னழகு அக்கா குடத்து வாயில் வெள்ளைத் துணி கட்டி வடிகட்டி எடுத்து வருவார். நான் அதை வாங்கி அடுப்பில் வைத்துக் கொதிக்கவைத்தேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சின தண்ணீர்தான் என்பது எங்கள் ஈப்போ சட்டம். மறுநாளே ஊருணிக் கரையில் பேச்சு: “மலாயாக்காரி தண்ணியப் போட்டு ஆக்குறாளாம்ல? உப்புப் புளி போடுவாளா, வெறுந்தண்ணிதானா?”

பொன்னழகு அக்கா அங்கே சிரித்துவிட்டு வந்து, எனக்கென்று தனியாக ஒரு வெண்கலப் பானை எடுத்துக் கொடுத்தார். “இதுல காச்சு, மீனா. மண்பானையில வச்சா உடைஞ்சுபோகும்.” அவ்வளவுதான். திட்டவும் இல்லை, தானும் ஒரு நாளும் காய்ச்சவும் இல்லை.

கன்றுக்குட்டியின் வியாதி

வீட்டுக்குப் பெரிய பெண்பிள்ளை பொன்னழகு அக்காதான். என் மாமியார், அதாவது எங்கள் அயித்தை, நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். சுற்றிலும் கோட்டை மாதிரி வீடுகள் இருக்கிற ஊரில் எங்களுடையது சாதாரண ஓட்டு வீடு. பெரிய மச்சான், அதாவது பொன்னழகு அக்காவின் வீட்டுக்காரர், வயலைப் பார்த்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் காரைக்குடி ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகளைப் பழுது பார்க்கிற வேலையில் இருந்தார். தினமும் பஸ்ஸில் போய் வருவார்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பார்கள். என் தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம். சேது கொத்தமங்கலத்திலேயே பிறந்தான். பிறந்த கையோடு எனக்குக் காய்ச்சல் வந்து வாரக்கணக்கில் படுத்துவிட்டேன். பொன்னழகு அக்கா அப்போது முத்துவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். சேதுவையும் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

நான் எழுந்து உட்கார்ந்ததும் சட்டம் பேச ஆரம்பித்தேன். என் தம்பி பிறந்தபோது ஈப்போ ஆஸ்பத்திரி மிஸ்ஸி, அதாவது நர்ஸ், எங்கள் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டவள் நான். கடிகாரம் பார்த்துத்தான் பால் கொடுக்க வேண்டும். நடுவில் அழுதால் அழட்டும், நுரையீரலுக்கு நல்லது. சேது அழுதான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பொன்னழகு அக்கா வந்து பிள்ளையைத் தூக்கினார்.

“இன்னும் நேரம் ஆகலக்கா!”

“கடியாரத்துக்கா பசிக்குது? புள்ளைக்குல்ல பசிக்குது.”

 

என் வீட்டுக்காரர் கதை இன்னும் வேடிக்கை. ஈப்போவில் அப்பா எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு பசாருக்குப் போவார். இங்கே, அண்ணன் முன்னால் தம்பி தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சக் கூடாது. யாரும் சொல்லிவைத்ததில்லை. ஆனால் கூடாது. அதனால் இவர் பிள்ளையை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே வைக்கோல் மேல் உட்கார்ந்து மனசு ஆறக் கொஞ்சுவார்.

பெரிய மச்சான் வீட்டுக்குள் வரும்போது வாசலில் ஒரு இருமல் இருமுவார். அந்த இருமல் கேட்டதும் இவர் பிள்ளையை வைக்கோலில் பொத்தென்று வைத்துவிட்டு, கன்றுக்குட்டியின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்காக இந்தக் கூத்து.

ஒருநாள் பெரிய மச்சான் கொட்டகை வாசலில் நின்று நிதானமாகக் கேட்டார்: “ஏம்ப்பா, இந்தக் கன்னுக்குட்டிக்கு அப்படி என்னதான் வியாதி?”

சோற்று வட்டம்

இப்போது அந்த வட்டத்துக்கு வருகிறேன்.

மத்தியானம் பொன்னழகு அக்கா பெரிய மண்சட்டியில் சோற்றையும் குழம்பையும் போட்டுப் பிசைவார். புளிக்குழம்பு, சுண்டவைத்த கத்திரிக்காய், மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய். அந்த வாசத்துக்குப் பிள்ளைகள் தானாக வந்து சுற்றி உட்கார்ந்துவிடும். அவருடைய பிள்ளைகள் மூன்று பேர், என் சேது, அந்த நேரத்துக்கு அங்கே நிற்கிற அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் யாராயிருந்தாலும் சரி. தட்டு கிடையாது. உள்ளங்கையை நீட்ட வேண்டும். உருண்டை விழும். கட்டைவிரலால் அதன் நடுவில் ஒரு குழி பண்ணி, அதில் கொஞ்சம் குழம்பு ஊற்றுவார்.

எங்கள் ஈப்போ வீட்டில் ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு ஒரு கரண்டி. எங்களைப் பெற்ற அம்மா எங்களுக்குப் போடுவாள். பக்கத்து வீட்டு அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் போடுவாள். சாப்பாட்டு நேரத்தில் கதவு சாத்தியிருக்கும். நான் சேதுவுக்கென்று ரோஜாப்பூ போட்ட எனாமல் தட்டு ஒன்று கொண்டுவந்திருந்தேன். அதில் போட்டுக் கொடுத்தேன். ஒரு ரோஜாவுக்கு அத்தனை பிள்ளைகளும் சண்டை. முத்து சேதுவைக் கடித்துவிட்டான். பொன்னழகு அக்கா தட்டைக் கழுவித் துடைத்துப் பரணில் வைத்தார். சேது போய் வட்டத்தில் உட்கார்ந்துகொண்டான்.

வட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதல் உருண்டை சேதுவுக்கு. அடுத்தது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு. அப்புறம் அக்காவின் பெரிய பிள்ளைகளுக்கு. எல்லாருக்கும் கடைசியில் முத்துவுக்கு. முத்து முந்திக்கொண்டு கையை நீட்டினால் அக்கா அதைத் தள்ளிவிடுவார்.

“இருடா. எம்புள்ளை எங்க போயிரும்?”

இதை நான் தினமும் கேட்டேன். கேட்டுக் கேட்டு எனக்குள் எரிந்தது. என் பிள்ளைக்கு முதல் உருண்டையைக் கொடுத்தே அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் அவன் ஏன் அவரை ஆத்தா என்று கூப்பிடுகிறான்?

காரணம் ரொம்பச் சின்னது. அந்த வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் அவரை ஆத்தா என்றார்கள், என்னைச் சின்னம்மா என்றார்கள். சேது அதைப் பார்த்துத்தான் பேசக் கற்றுக்கொண்டான். ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான். ஒருத்தன் தன் தாயை அக்கா என்பான், ஒருத்தி தன் தகப்பனைச் சித்தப்பா என்பாள். யாரும் அதற்காக ஒரு வாய்ச் சோறு குறைத்துத் தின்றதில்லை. “கூப்பிடறதுலயா இருக்கு?” என்பார் என் வீட்டுக்காரர்.

எனக்கு இருந்தது. தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள் எல்லாரையும் கடலுக்கு அந்தப்பக்கம் விட்டுவிட்டு வந்தவள் நான். எனக்கே எனக்கென்று இந்த மண்ணில் இருந்தது அந்த ஒரு பிள்ளை. அவன் வாயால் என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும். நகை கேட்கவில்லை, நட்டுக் கேட்கவில்லை. அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

டப்பா பால் வைத்தியம்

ஊருக்கு வருகிறவர்களிடம் அப்பா டப்பா பால் கொடுத்தனுப்புவார். கெட்டியாக, இனிப்பாக, கரண்டியில் எடுத்தால் நூல் மாதிரி வடியும். ஒருநாள் சேதுவைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு கரண்டி காட்டினேன்.

“அம்மான்னு சொல்லு. தர்றேன்.”

“அம்மா.”

கொடுத்தேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவன் உதட்டை நக்கிக்கொண்டு சொன்னான்: “சின்னம்மா, இன்னொரு கரண்டி.”

மறுநாள் முத்து வந்து நின்றான். “அம்மா” என்றான், கையை நீட்டியபடி. அவனுக்குப் பின்னால் அவன் அண்ணனும் அக்காவும். அதற்கும் பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். டப்பா காலியாகிறவரை ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் அம்மாவாக இருந்தேன்.

பொன்னழகு அக்கா காலி டப்பாவை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாலு தீந்துபோச்சு, இன்னும் நீ சின்னம்மாதான்!” நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அன்றைக்குச் சாயந்தரம் சேதுவை மடியில் வைத்துக்கொண்டு, “அது அம்மாடா, சொல்லு, அம்மா” என்று சொல்லிக்கொடுத்தது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவன் அவரையே பார்த்து, “அம்மா” என்றான். எனக்கு அதிலும் கோபம்தான் வந்தது.

கொட்டகையை விட்டு

பள்ளிக்கூடத்து வேப்பமரத்துக்குத் திரும்புகிறேன். அன்றைக்கு முத்துவைச் சேர்த்துவிட்டார்கள். நான் சேதுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வந்ததும் வராததுமாகக் கேட்டேன்:

“குவாட்டர்ஸ் குடுக்குறாகன்னு சொன்னீகல்ல மச்சான்? வாங்குங்க. புள்ளைய அங்க சேத்துக்குவோம்.”

“அண்ணன்கிட்ட எப்புடிச் சொல்றது?”

“நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?”

அந்தக் காலத்தில் தனிக்குடித்தனம் என்பது லேசான பேச்சு இல்லை. ஊர் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்லும், பெண்பிள்ளைகளுக்குள் சண்டை என்று. அவர் இரண்டு நாள் கன்றுக்குட்டியின் பல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் போய்ச் சொன்னார். பெரிய மச்சான் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டார்.

“சரி, போங்க. அங்குட்டுப் போயாச்சும் புள்ளைய வெளிச்சத்துல தூக்கு. கன்னுக்குட்டி பயத்துலயே மெலிஞ்சுபோச்சு.”

பொன்னழகு அக்கா மூட்டை கட்டிக் கொடுத்தார். உப்பும் புளியும் முதலில் வைத்தார். அரிசி, வடகம், ஊறுகாய். பரணில் இருந்த ரோஜாப்பூத் தட்டைத் தூசி தட்டி எடுத்து மேலே வைத்தார். அதற்கும் மேலே ஒரு மண்சட்டியை வைத்தார். “எனக்கு எதுக்குக்கா இத்தாம் பெரிய சட்டி?” என்றேன். “இருக்கட்டும்த்தா” என்றார்.

வண்டி கிளம்பும்போது சேது அழுது ஊரைக் கூட்டினான். “ஆத்தா! ஆத்தா!” என்று அவன் கத்த, நான் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அக்கா வாசலில் நிற்கவில்லை, உள்ளே போய்விட்டார்.

ரோஜாப்பூத் தட்டு

காரைக்குடி குவாட்டர்ஸ் எனக்கு ஈப்போ மாதிரியே இருந்தது. வரிசையாக ஒரே அச்சில் வீடுகள், முன்னால் சின்னத் தோட்டம், குழாயில் தண்ணீர். ஒரு பக்கம் கல்கத்தாக்காரர் குடும்பம், இன்னொரு பக்கம் மலையாளத்துக்காரர் குடும்பம். சாப்பாட்டு நேரத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. என் வீட்டுக்காரர் முதல் நாளே சேதுவைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நான் ரோஜாப்பூத் தட்டில் சோறு போட்டு, பருப்பு ஊற்றி, நெய் விட்டு, கரண்டியும் வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருஷமாக ஆசைப்பட்டது இதுதானே?

சேது தட்டைப் பார்த்தான். கதவைப் பார்த்தான்.

“மத்தவுகள்லாம் எங்க?”

“இங்க நீ மட்டும்தான் ராசா. சாப்பிடு.”

ரோஜாப்பூவின் மேல் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்த நாளும் அப்படித்தான். கெஞ்சினேன், மிரட்டினேன், நிலாவையும் காட்டினேன். பூனைக்கு வைக்கிற அளவு தின்பான், எழுந்துவிடுவான். ஒரு வாரத்தில் கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. அம்மா என்று கூப்பிடாவிட்டால் போகிறது, தின்றால் போதும் என்று ஆகிவிட்டது.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் அந்தப் பெரிய மண்சட்டியை இறக்கினேன். சோற்றைக் கொட்டி, புளிக்குழம்பை ஊற்றி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தேன். தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்த கல்கத்தாக்காரர் மகள் மிட்டுவையும் மலையாளத்து வீட்டுப் பாபுவையும் கூப்பிட்டு, பின்வாசல் படியில் உட்காரவைத்தேன். மிட்டுவின் அம்மா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். இது என்ன காட்டுப் பழக்கம் என்று நினைத்திருக்கலாம். கொத்தமங்கலத்து வட்டத்தை முதன்முதலில் பார்த்தபோது நானும் அதைத்தான் நினைத்தேன்.

சேது ஓடிவந்து உட்கார்ந்து கையை நீட்டினான். ஈப்போக்காரி நான், என் பிள்ளைக்குத்தானே முதலில் போடுவேன்? போட்டேன். தின்றான். இன்னொன்று தின்றான். மிட்டு காரம் தாங்காமல் மூக்கைச் சிந்திக்கொண்டே மறுபடி கையை நீட்டினாள். அதற்குப் பிறகு தினமும் வட்டம்தான். சேதுவைப் பார்த்து மிட்டுவும் பாபுவும் என்னைச் சின்னம்மா என்றார்கள். கொஞ்ச நாளில் அந்த வரிசைப் பிள்ளைகள் அத்தனைக்கும் நான் சின்னம்மா ஆகிவிட்டேன். விதி என்னை விரட்டி வந்து பிடித்துக்கொண்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்னழகு அக்கா முத்துவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. சேது பாய்ந்து போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். அக்கா அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். உள்ளே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்து மூடினார், பின்வாசலில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார்.

மத்தியானம் சட்டியை எடுத்தேன். அக்கா முன்னால் சட்டியில் பிசைய எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவர் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “எண்ணெய் பத்தாது” என்றார். இன்னொரு கரண்டி விட்டேன்.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சேது வழக்கம்போல் முதல் ஆளாகக் கையை நீட்டினான். அவன் பக்கத்தில் முத்து, புது இடத்து வெட்கத்தோடு, கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. நம் வீட்டுக்கு வந்த பிள்ளை. என் கை தானாக அவன் பக்கம் போய், முதல் உருண்டையை அவன் கையில் வைத்தது. அடுத்தது மிட்டுவுக்கு. அடுத்தது பாபுவுக்கு.

சேதுவின் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

“எனக்கு? எனக்குத்தான மொதல்ல! ஆத்தா எனக்குத்தான மொதல்ல போடும்!”

“இருடா” என்றேன். “எம்புள்ளை எங்க போயிரும்?”

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது.

எத்தனை மத்தியானம் இதைக் கேட்டிருக்கிறேன்! முத்துவின் கையைத் தள்ளிவிட்டு, சேதுவின் கையில் முதல் உருண்டையை வைத்து, அந்தப் பெண்பிள்ளை நாள் தவறாமல் சொன்னது என்ன? இவன் என் பிள்ளை, இவனுக்குக் கடைசியில் போட்டால் போதும். அவன் மீனாவின் பிள்ளை, அவனுக்கு முதலில் போட வேண்டும். ஒரு நாள்கூட மாற்றிப் போட்டதில்லை. பால் கொடுத்த பிள்ளைதான். ஆத்தா என்று கூப்பிட்ட பிள்ளைதான். ஆனாலும் ஒரு நாள்கூடத் தன் பிள்ளையாக்கிக் கடைசியில் போட்டதில்லை. ஊரே மறந்தாலும், சேதுவே மறந்தாலும், அவன் யார் பிள்ளை என்பதை அவர் ஒருவர்தான் மறக்காமல் இருந்திருக்கிறார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டிருந்தார். காதில் விழாத மாதிரி ரொம்பக் கவனமாக ஒடித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டு வந்தது. குழம்பு காரம் என்று புறங்கையால் துடைத்துக்கொண்டேன்.

சேதுவுக்குக் கோபம் தீரவில்லை. முத்துவைப் பார்த்தான். முத்து வாய் நிறைய முதல் உருண்டையோடு இருந்தான், வாழ்க்கையிலேயே முதல்முறையாக. சட்டியைப் பார்த்தான். அடியில் குழம்பும் எண்ணெயும் ஊறிப் பிடித்திருந்த கடைசிச் சோறு இருந்தது. எப்போதும் முத்துவுக்கே போய்ச் சேருகிற சோறு. அதன் ருசி சட்டிக்குத்தான் தெரியும், முத்துவுக்குத்தான் தெரியும். சேது என்னைப் பார்த்தான். அந்தச் சின்ன மண்டைக்குள் என்ன கூட்டிக் கழித்தானோ, நீட்டின கையை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

“சரி. சட்டிய நல்லா வழிச்சுப் போடு, அம்மா.”

டப்பா பால் காட்டாமல், யாரும் சொல்லிக்கொடுக்காமல், சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் சட்டியை வழித்தேன். மண் வந்துவிடும் போல வழித்தேன். ஒரே உருண்டையாகப் பிடித்து, கட்டைவிரலால் குழி பண்ணி, அவன் கையில் வைத்தேன். பெரிய உருண்டை, அவன் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

பொன்னழகு அக்கா அப்போதும் தலையை நிமிர்த்தவில்லை. முத்துதான் சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அலறினான்: “ஆத்தா! எனக்குச் சட்டிச் சோறு இல்லையா?”

“உனக்கு எதுக்குடா சட்டிச் சோறு?” என்றார் அக்கா, கீரையை முறத்தில் தட்டியபடி. “இங்க நீ விருந்தாளி.”